பஸ்ஸில் போய்வந்த ஈஸ்ட்

அந்த ஒரு வருஷம் முழுக்க, காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் உடனே டிக்கெட் கிழிக்க மாட்டார். முதலில் என் ஒயர் கூடையை மோந்து பார்ப்பார். கூடைக்குள் நான்கு கண்ணாடிக் குடுவைகள், செய்தித்தாள் சுற்றி, வாயில் பஞ்சு அடைத்து நிற்கும். வெல்லத் தண்ணீரில் ஈஸ்ட் வளர்ந்தால் லேசாக ஒரு புளிப்பு வாடை வரும். அந்த வாடைக்கு அவர் மனதில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. "டீச்சர், இத்த எவனாவது பாத்தா உங்களையும் புடிப்பான், என்னையும் புடிப்பான்" என்றார் முதல் நாள். சாராயம் இல்லை, எண்ணெய் என்றேன். அவர் பார்த்த பார்வைக்குச் சாராயம் என்றே ஒத்துக்கொண்டிருக்கலாம்.

எண்ணெய் என்றது பொய் இல்லை. ஈஸ்ட்டில் சில வகைகள் தின்ற சர்க்கரையை எண்ணெயாக்கித் தங்கள் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். விழுப்புரத்தில் இருந்த எங்கள் கல்லூரிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் வந்து சேர்ந்த ஈஸ்ட் அந்த வகை. ரோஸ் நிறம். குளியலறையில் வாளிக்கு அடியில் வழவழவென்று ஒரு ரோஸ் படலம் பிடிக்குமே, கிட்டத்தட்ட அந்த நிறம். அதற்கு என்ன கொடுத்தால், எவ்வளவு சூட்டில் வைத்தால், எத்தனை நாள் விட்டால் அதிக எண்ணெய் சேர்க்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் எம்.ஃபில். ஆராய்ச்சி. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. தலைப்பைக் கேட்டதுமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒரு வருஷம் சம்பளம் இல்லாத லீவு தந்திருந்தார்கள். இன்னொரு முறை தர மாட்டோம் என்று தலைமை ஆசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். பட்டம் கிடைத்தால் கிடைத்ததுதான், இல்லாவிட்டால் பழையபடி ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை. யாரோ கண்டுபிடித்ததை யாரோ எழுதியபடி ஒப்பித்து ஒப்பித்து எனக்கு அலுத்துவிட்டிருந்தது. இந்த உலகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயமாவது நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

எடுத்த எடுப்பிலேயே ஈஸ்ட் என்னை மண்ணைக் கவ்வ வைத்தது. எங்கள் வீட்டுக்கு ஒலக்கூர் பக்கம் நிலம். நெல்லோ, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையோ, பயிர் வெளுத்தால் அப்பாவின் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகும். என் கையும் அதே கைதானே. குடுவையில் ஈஸ்ட் கொஞ்சம் சோர்ந்தது போலத் தெரிந்தால் ஒரு சிட்டிகை யூரியா போட்டேன். அது கொழுகொழுவென்று பெருகியது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அரைத்து, கரைப்பான் ஊற்றி, வற்ற வைத்தால் கிண்ணத்தில் எண்ணெய் என்று ஈரம் பட்டதுபோல் ஒரு தடம், அவ்வளவுதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியையை நாங்கள் மேடம் என்போம். மேடம் ஏதோ ஒரு பத்திரிகையைப் புரட்டிவிட்டு, யூரியா தரும் தழைச்சத்தைக் குறை, தீர்ந்து போகட்டும் என்றார். தழைச்சத்து இருக்கிறவரை ஈஸ்ட் குட்டி போட்டுக்கொண்டே இருக்குமாம். அது தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிச்சம் இருந்தால், குட்டி போட வழியில்லாமல் உள்ளே எண்ணெயாகச் சேர்க்குமாம். புத்திக்குப் புரிந்தது, மனசுதான் ஒப்பவில்லை. பசியோடு வைத்தால் எப்படிச் சேர்க்கும்? அப்பாவிடம் சொன்னபோது அவர் கவலை வேறாக இருந்தது. இதெல்லாம் எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டால் நம்ம மல்லாட்டையை எவன் வாங்குவான் என்று கேட்டார். கிண்டலா, நிஜக் கவலையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

யூரியாவைக் குறைத்தேன். நுண்ணோக்கியில் வைத்து, கறுப்புச் சாயம் ஏற்றிப் பார்த்த அந்தக் காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொரு ஈஸ்ட்டுக்குள்ளும் மையில் தோய்ந்த ஒரு பொட்டு. எண்ணெய்த் துளி. ஓடிப்போய் மேடத்தை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். இன்னும் நிறைய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

இந்த ஈஸ்ட்டுக்குக் காற்றும் வேண்டும். அதற்காகக் குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, எங்கள் கல்லூரியில் அது கிடையாது. நானேதான் நினைத்துக்கொண்டபோதெல்லாம் கையால் குலுக்குவேன். ஐந்து மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பாதிக் குடுவைகளை அங்கேயே விட்டுவிட்டு, மீதி நான்கை மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குலுக்குவேன். காலையில் அவை என்னோடு திரும்ப விழுப்புரத்துக்கு வரும். கூடையின் கதை இதுதான்.

வீட்டுக்குப் போய்வந்த குடுவைகளில் எண்ணெய் அதிகமாக இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஆய்வகத்திலேயே இருந்ததைப்போல இரட்டிப்பு. முதலில் எடை போட்டதில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே.

அம்மாவுக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை. ராத்திரிச் சமையல் நேரத்தில் அடுப்படி அலமாரியில் இருந்த குடுவைகளை அவளும் போகும்போது வரும்போது ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவாள். "என் கைராசிடி அது. நான் தயிரு ஒறை ஊத்துனா எப்டி கட்டுது, பாத்துக்கினுதானே இருக்கே" என்றாள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டாள். மகள் ஆராய்ச்சி செய்கிறாள், எண்ணெய் மட்டும் அம்மா கையில் சுரக்கிறது என்பதாக ஊரில் பேச்சு ஆகிவிட்டது.

எனக்குக் கைராசி போதவில்லை. அடுத்த முறை நான்கு குடுவைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, பகலிலும் நீயே குலுக்கு என்றேன். அம்மா விரதம் மாதிரி செய்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதும் கை துடைத்துக்கொண்டு வந்து ஆட்டினாள். எண்ணெய் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. யூரியாவை நிறுத்தினால் எந்த உயிர்தான் தேறும் என்று என் மேல் பழியைப் போட்டாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஆக, வீட்டிலேயே இருந்தாலும் குறைகிறது, ஆய்வகத்திலேயே இருந்தாலும் குறைகிறது. இரண்டுக்கும் போய்வந்தால் கூடுகிறது. பல நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். ஆய்வகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகலில் கொதிக்கும். எங்கள் வீடு ஓடு போட்டது, இரவில் குளிரும். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிக் கிடைப்பதுதான் ஈஸ்ட்டுக்குப் பிடிக்கிறது என்று முடிவு கட்டினேன். மேடத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்பதற்குப் படித்தவர்கள் சொல்வது போலவே இருந்தது. அப்படியே எழுது என்றார். எழுதினேன், ஒரு அத்தியாயம் முழுக்க.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனம் விழுப்புரம் ரோட்டைப் புதிதாகப் போட்டார்கள். விக்கிரவாண்டிப் பக்கம் வண்டி குழியில் இறங்கி ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும், அப்படி இருந்த ரோடு. மாசக்கணக்கில் ஜல்லியும் தார் டின்களும் ஓரத்தில் கிடந்து, கடைசியில் ஒருநாள் வழுவழுவென்று கறுப்பாகிவிட்டது. தன் கைக்காசில் போட்டுக் கொடுத்ததுபோல் கண்டக்டர் எல்லோரிடமும் பெருமைப்பட்டார். "இனிமே மடியில தூங்குற கொழந்த கூட முழிக்காது, பாத்துக்கினே வாங்க" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். இடுப்பு வலி தீர்ந்தது.

அடுத்து எடுத்த எண்ணெய் பாதியாகிவிட்டது. அதற்கு அடுத்ததும் அப்படியே. வெல்லம் அதே கடை வெல்லம், ஈஸ்ட் அதே ஈஸ்ட், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறவே இல்லை. ஆய்வுப் புத்தகத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதிய அத்தியாயம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்டால் வள்ளென்று விழுந்தேன். லீவு முடிந்து சாக்பீஸைக் கையில் எடுக்கும் காட்சியே கனவிலும் வந்தது.

பஞ்சுதான் காட்டிக்கொடுத்தது. பழைய நாட்களில் ஆய்வகத்துக்குப் போனதும் எனக்கு முதல் வேலை, நனைந்துபோன பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு அடைப்பது. பஞ்சு நனைந்தால் கண்ட கிருமியும் உள்ளே இறங்கிவிடும், சில குடுவைகள் அப்படிக் கெட்டும் போயிருக்கின்றன. தினமும் திட்டிக்கொண்டே மாற்றுவேன். ஒருநாள் வேறு எதற்கோ அலமாரியைத் திறந்தபோது பஞ்சுச் சுருள் அப்படியே இருந்தது. வாங்கி எத்தனை நாளாயிற்று, ஏன் தீரவில்லை என்று யோசித்தேன். பஞ்சு நனையவே இல்லை. ரோடு போட்டதிலிருந்து ஒருநாள்கூட நனையவில்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நானும் அம்மாவும் கையால் ஆட்டியது எந்த மூலைக்கு? விக்கிரவாண்டிக் குழிகளில் வெல்லத் தண்ணீர் குடுவையின் கழுத்துவரை எகிறி, நுரைத்து, காற்றைக் கலந்துகொண்டு திரும்பி விழுந்திருக்கிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கல்லூரியில் இல்லாத இயந்திரத்தில் நான் தினமும் டிக்கெட் எடுத்துப் போய்வந்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவ்வளவு நாள் மடியில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று அடுத்த நிமிஷமே எரிச்சலாகவும் இருந்தது.

சிரித்தால் போதுமா, நிரூபிக்க வேண்டுமே. நல்ல ரோடு போட்டாகிவிட்டது, கெட்ட ரோட்டுக்கு எங்கே போவது? கண்டக்டரிடமே கேட்டேன். ஊர் ஊராகப் புகுந்து சுற்றி விழுப்புரம் வரும் வண்டி ஒன்று இருக்கிறது, பாதி தூரம் ஜல்லி, அதில் ஆடு கூட ஏறாது டீச்சர் என்றார். அடுத்த நாளிலிருந்து அதில்தான் போனேன், அதுவும் கடைசி சீட்டில். இந்த முறை கூடையில் ஒரு வித்தியாசம் செய்தேன். இரண்டு குடுவைகளில் அடியில் மட்டும் கொஞ்சம் வெல்லத் தண்ணீர். இரண்டில் கழுத்து வரை நிரப்பிவிட்டேன், வண்டி எவ்வளவு ஆடினாலும் உள்ளே தண்ணீர் புரள இடமில்லாதபடி. ஒரே கூடை, ஒரே சூடு, ஒரே ரோடு. நிரப்பிய குடுவைகளில் எண்ணெய் ஒன்றுமில்லை. காலியிடம் விட்ட குடுவைகளில் முன்னைவிட அதிகம். வற்றிய கிண்ணத்தில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் நின்றது. விரலால் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். அந்த வழவழப்பு எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்போல் இருந்தது.

மேடம் முடிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், காரணத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பஸ்ஸுன்னு எழுதாதம்மா. படிக்கிறவங்க காலேஜைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார். சூடு, குளிர் என்று எழுதிய அத்தியாயத்தை நான் கிழித்துப் போட்டதில் அவருக்கு ஏற்கெனவே வருத்தம். அதன் இடத்தில் ‘இடைவிட்டுக் குலுக்கப்பட்டது’ என்று ஒரு வரி போடச் சொன்னார். நான் வாதாடிப் பார்த்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் புத்தகம் கல்லூரி வாசலைத் தாண்டாது. அந்த வரியோடுதான் போயிற்று.

வாய்மொழித் தேர்வுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவதாகத் திட்டம். ஒல்லியான மனிதர், சிரிப்பதில்லை. புத்தகத்தில் அங்கங்கே காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். தழைச்சத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். சாயத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு குலுக்கப்பட்டது என்ற அந்த வரியில் விரலை வைத்து, இயந்திரம் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் பேராசிரியர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பட்டமும் வந்திருக்கும். ஆனால் நான் கண்டுபிடித்ததே அந்த ஒன்றைத்தான். அதை மறைத்துவிட்டு வாங்கும் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பஸ் என்றேன். குழியில் ஆரம்பித்து, தார் ரோடு, பஞ்சு, கழுத்து வரை நிரப்பிய குடுவை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதை இன்னொருத்தர் எப்படிம்மா திரும்பச் செய்ய முடியும்? முடியலேன்னா இது உன் சொந்த அனுபவம். ஆராய்ச்சி ஆகாது" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "டிக்கெட் எடுத்தா யாரு வேணாலும் செய்யலாம் சார். ரெண்டு மணிக்கு வண்டி" என்றேன்.

மேஜைக்கு அடியில் மேடம் என் காலை மிதித்தார். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்று, இரண்டு காலிக் குடுவையும் கொஞ்சம் வெல்லத் தண்ணீரும் எடுத்துக்கொள் என்றார்.

அந்த ரெண்டு மணி வண்டியில், கடைசி சீட்டில் ஜன்னலோரம் அவர், நடுவில் மல்லாட்டை மூட்டையோடு ஒரு அம்மாள், இந்தப் பக்கம் நான். ஒரு குடுவையில் அடியில் மட்டும் தண்ணீர், இன்னொன்று நிறைய. இரண்டையும் அவரே பிடித்துக்கொண்டார். வண்டி ஊருக்குள் திரும்பி ஜல்லியில் இறங்கியதும், தண்ணீர் கண்ணாடியில் ஏறுவதையும் இறங்குவதையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பள்ளத்தில் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வெல்லத் தண்ணீர் அவர் பேண்ட்டில் கொட்டியது. மூட்டைக்கார அம்மாள் முந்தானையைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். பேராசிரியர் காதில் விழவில்லை. நிறைந்திருந்த குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஒரு அசைவும் இல்லை என்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மழை நாளில் என்ன ஆகும்? மழை பெய்தால் டிரைவர் மெதுவாக ஓட்டுவார், அந்த வாரம் எண்ணெயும் குறையும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் லீவும் என் வருஷமும் அந்தப் பைக்குள் இருக்கும் புத்தகத்தோடு சேர்ந்து குலுங்குவதாகத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் முறையாக, வண்டி இன்னும் கொஞ்சம் ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார். ‘இடைவிட்டுக் குலுக்கப்பட்டது’ என்ற வரியை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். எந்த வண்டி, எந்த வழி, எந்த சீட், ரோடு எப்படி, எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"திரும்பச் செய்ய முடியுமான்னு கேட்டேன். முடியுது" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதால் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மெட்ராஸ் பஸ்ஸை விசாரித்துக்கொண்டிருந்தார். பேண்ட்டில் ஈ மொய்த்தது. தண்ணீர் கொஞ்சமாக இருந்த குடுவையை நான் வாங்கிக்கொள்ளப் போனேன், அவர் கொடுக்கவில்லை.

"சார், மெட்ராஸ் வரைக்கும் நல்ல ரோடு. ஒண்ணும் ஆடாது" என்றேன்.

"அதையும் பாக்கணும்ல?" என்றார்.

வண்டியில் முன்பக்கம் நிறைய இடம் காலியாக இருந்தது. அவர் குடுவையைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.